கடத்தூருக்கு அதியமான்கோட்டை வழியாக

1

டிரைவிங் டெஸ்டில் மறுபடியும் ஃபெயில். போன தடவை மெதுவாகப் போனதற்காக, இந்தத் தடவை ஹாரன் அடித்ததற்காக.

ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மாரண்டஹள்ளியில் டெம்போ ஓட்டியவன், ஓசூரில் லாரிகளுக்கு நடுவே பைக்கில் புகுந்து ஷிப்டுக்குப் போனவன், ஜெர்மனிக்கு வந்ததும் வண்டி ஓட்டத் தெரியாதவன் ஆகிவிட்டேன். நம் ஊர் லைசென்ஸுக்கு இங்கே ஆறு மாதம்தான் உயிர். அதற்கப்புறம் அது போட்டோ ஒட்டிய வெறும் அட்டை. இத்தனை வருடம் பஸ்ஸிலும் டிராமிலும் காலத்தைத் தள்ளிவிட்டேன். இப்போது நான் வேலை பார்க்கும் பாட்டில் மூடி ஆலையில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது.

சரி, லைசென்ஸ் எடுப்போம் என்று கிளம்பினால், கண் நன்றாகத் தெரிகிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அப்புறம் முதலுதவி வகுப்பு. அதில் ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை ஒரு நாள் முழுக்க அமுக்கிவிட்டு வந்தேன். போட்டோ கொடுத்தேன், சிரித்த முகம் என்று திருப்பிவிட்டார்கள். வேறு எடுத்தேன், முறைத்த முகம் என்றார்கள். தருமபுரிக்காரன் மூஞ்சியில் இந்த இரண்டைத் தவிர வேறு என்ன இருக்கும், சொல்லுங்கள். கவுண்டரில் இருந்த அம்மாவிடம் இதைக் கேட்க நினைத்தேன், ஆனால் அந்த அளவுக்கு என் ஜெர்மன் போகாது.

டெஸ்ட் அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. சர்ச் பக்கத்தில் ஒரு வளைவு, ஓரமெல்லாம் செடி மறைத்திருந்தது. என் கை தானாகப் போய் ஹாரனை அமுக்கிவிட்டது. அடுத்து நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா போனார், நான் வருகிறேன் என்று அவருக்கும் ஒரு தகவல். சைக்கிள்காரர் ஒருவருக்கு இரண்டு. பின் சீட்டில் இருந்த அதிகாரி முன்னால் குனிந்து, “உங்களுக்கு யார் மேல் கோபம்?” என்று கேட்டார். கோபமில்லை ஐயா, எங்கள் ஊரில் ஹாரன் அடிக்காமல் போவதுதான் மரியாதைக் குறைவு என்று என் ஜெர்மனில் சொன்னேன். அது அவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் திம்மராயன் அண்ணன், பெரியப்பா மகன். “வளைவுல ஹாரன் அடிக்காதவன் பாவிடா” என்பதுதான் அவருடைய முதல் பாடம். அந்தப் பாடத்தைத்தான் அதிகாரி தவறு என்று எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் நான் எரிச்சலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது, அதே அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது.

2

அண்ணனை ஊரில் யாரும் திம்மராயன் என்று சொல்ல மாட்டார்கள். சாம்பியன் என்றால்தான் தெரியும். அவர் சம்சாரம் செல்வி அண்ணி ரேஷன் கடைக்குப் போனாலும் “சாம்பியன் வூட்டுக்காரம்மா வந்துட்டாங்க” என்பார்கள். என் மகன் கவின் இதை நம்ப மாட்டான். அவன் இங்கேயே பிறந்தவன். இந்த நாட்டு ரேஸ் சாம்பியனின் படத்தைத்தான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். அந்தச் சாம்பியன் ஓட்டியதில் எது பெரிய ஓட்டம் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க நண்பர்களோடு ஜெர்மனில் சண்டை போடுவான். எங்கள் குடும்பத்திலும் ஒரு சாம்பியன் உண்டு என்று நான் வாயைத் திறந்தால், “அப்பா, அது டெம்போ” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவான்.

டெம்போதான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அந்தப் பந்தயத்தை இவனுடைய சாம்பியன் ஓட்டியிருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

தக்காளி விலை விழுந்து ரோட்டோரம் கொட்டிக் கிடந்த ஒரு வருடம், பாலக்கோடு மண்டி வியாபாரிகளுக்குப் பொழுது போகவில்லை. அவர்கள் கண்டுபிடித்ததுதான் அந்தப் பந்தயம். எல்லா டெம்போவிலும் ஒரே அளவு பெட்டி, எல்லாம் நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் புறப்பட்டு பாலக்கோடு மண்டிக்கு வர வேண்டும். வந்ததும் பெட்டிகளை இறக்கி, நசுங்கிய பழங்களைப் பொறுக்குவார்கள். ஒரு பழம் நசுங்கியிருந்தால் ஓடிய நேரத்தோடு ஒரு நிமிடத்தைக் கூட்டுவார்கள். கண்மண் தெரியாமல் முறுக்கிக்கொண்டு வந்தவன் முதலில் வந்து சேர்ந்து, தொக்கோடு கடைசியாகிப் போவான். மெதுவாக வந்தவனும் தோற்பான். பறக்கவும் வேண்டும், பழமும் அலுங்கக் கூடாது. பரிசு பேர் பொறித்த எவர்சில்வர் அண்டா.

நான் அப்போது அந்த மண்டியில் எடை போடும் வேலையில் இருந்தேன். நசுங்கலைப் பொறுக்கிச் சொல்லும் நடுவர்கள் நானும் மண்டி கணக்குப்பிள்ளையும். அவர் இப்போது இல்லை. திம்மராயன் அண்ணன் மூன்று அண்டா வாங்கினார். ஒவ்வொரு முறையும் அவருக்கு அடுத்தபடியாக வந்தவர் கடத்தூர் பெருமாள். பந்தயத்துக்கென்றே அவ்வளவு தூரத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். ஒரே ஒரு வருடம்தான் பெருமாள் ஜெயித்தார். அந்த வருடம் அண்ணன் வந்தது கடைசியாக, வண்டி நிறையத் தொக்கோடு. அதை மண்டி வாசலில் கொட்டியபோது ஊர் மாடெல்லாம் கூடிவிட்டது. அப்புறம் பந்தயம் நின்றுபோனது. போலீஸ் சொல்லியெல்லாம் நிற்கவில்லை, தக்காளி விலை ஏறிவிட்டது.

3

போனில் அழைத்தது அண்ணன் மகள் பவித்ரா. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் சதீஷ் என்ற பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதம் வாங்கி, நிச்சயமும் முடிந்திருந்தது.

“சித்தப்பா, கல்யாணம் நின்னுரும் போல இருக்குது. நீங்கதான் பேசணும்.”

“என்னாச்சு சாமி? ஜாதகமா?”

“ஜாதகமெல்லாம் இல்லீங்க. பத்திரிகையில அப்பா பேருக்கு முன்னாடி சாம்பியன்னு போடணுமாம். அவங்க பக்கம் கூடாதுங்கறாங்க.”

பையனின் தாய்மாமன் யார் தெரியுமா? கடத்தூர் பெருமாளேதான். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் முகம் கோணினால் பந்தக்கால்கூட நட முடியாது. பெருமாள் சொன்ன நியாயம் இது: “அதே பத்திரிகையில தாய்மாமன்னு எம் பேரும் வருது. மேல அவன் சாம்பியன்னா கீழ நான் யாரு? தோத்தவன்னு நானே அச்சடிச்சு வூடு வூடாக் குடுக்கணுமா?”

அண்ணன் பக்கத்து நியாயமும் சாதாரணமானதல்ல. “எங்க ஊர்ல மூணு திம்மராயன் இருக்கான். ஒருத்தன் கோழிக்கடை, ஒருத்தன் கோர்ட்டுக் கேஸுல இருக்கான். சாம்பியன் இல்லாம போட்டா எவன் வூட்டுக் கல்யாணம்னு ஜனங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

கடைசியில் பையனின் அப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறார். மொத்தத்துக்கும் சாம்பியன் என்று போட்டால்தானே மச்சானுக்கு வருத்தம்? ஏதாவது ஒரு ஓட்டத்தைக் குறிப்பிட்டு, அந்த ஓட்டத்தின் சாம்பியன் என்று போட்டால் என்ன? மற்ற வருடங்களைப் பற்றிப் பத்திரிகை எதுவும் சொல்லாதே! பெருமாளும் யோசித்துப் பார்த்துவிட்டு, “சரி, ஒண்ணே ஒண்ணு. அவன் ஓட்டுனதுலயே பெரிய ஓட்டம் எதுன்னு அவங்களே முடிவு பண்ணிச் சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்” என்று இறங்கி வந்திருக்கிறார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. பெரிய ஓட்டம் எது என்பதில் எங்கள் பக்கமே மூன்றாகப் பிரிந்துவிட்டது.

“நடுவர்ல நீங்க ஒருத்தர்தான் சித்தப்பா இருக்கீங்க. ஞாயித்துக்கிழம வீடியோவுல வாங்க. ஒண்ணைச் சொல்லி முடிச்சு வெச்சிருங்க. எனக்குப் பயமா இருக்குது,” என்றாள்.

4

ஞாயிறு அன்று போன் திரையில் அண்ணன் வீட்டு முன்ரூம் முழுக்கத் தலைகள். அண்டா மூன்றையும் கொண்டுவந்து சாட்சிக்கு வைத்திருந்தார்கள். ஒன்றில் மாட்டுத் தவிடு ஒட்டியிருந்தது. கடத்தூரிலிருந்து பெருமாளும் பையனின் அப்பாவும் இன்னொரு போனில் வந்திருந்தார்கள்.

முதலில் டீக்கடை கட்சி. அவர்களுக்கு ரிவர்ஸ் ஓட்டம்தான் பெரியது. அந்த வருடம் வெள்ளிச்சந்தை தாண்டியதும் அண்ணனின் வண்டிக்கு முன்கியர் ஒன்றும் விழவில்லை. அவர் இறங்கிப் பார்க்கக்கூட இல்லை. வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே பாலக்கோடு மண்டி வரை வந்துவிட்டார்.

“பாலக்கோட்டுல நின்ன ஜனம் வண்டி போவுதா வருதான்னு தெரியாம ரெண்டு பக்கமும் கைதட்டுச்சுங்க,” என்றார் டீக்கடைக்காரர். “இந்த மாதிரி உலகத்துல எவனாச்சும் ஜெயிச்சிருக்கானா?”

அடுத்தது செல்வி அண்ணி. அவர் தனியாகவே ஒரு கட்சி. மழை ஓட்டத்தில் வைப்பர் வேலை செய்யவில்லை. அன்று அண்ணி பக்கத்து சீட்டில் இருந்தார், ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வரைக்கும் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அந்த அண்டாவுல பாதி என்னுது. அதைப் போட்டா எம் பேரையும் போடணும்,” என்றார் அண்ணி.

“சும்னிரு,” என்றார் அண்ணன். கோபம் வந்தால் அவர் கன்னடத்துக்குப் போய்விடுவார்.

“நான் எதுக்கு சும்மா இருக்கணும்? அன்னிக்கு சும்மா இருந்திருந்தா நீங்க ஏரிக்குள்ள போயிருப்பீங்க!”

மூன்றாவது கட்சி மேட்டுக்காட்டு மாதையன். ரயில்வே கேட் மூடியிருந்த வருடம், அண்ணன் வண்டியை இவருடைய கேழ்வரகுக் காட்டில் இறக்கி, ஏரிக்கரை மேலே ஏறி, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போனார். பழம் ஒன்றும் அலுங்கவில்லை. மாதையனுக்கு அந்த வருடம் பாதி வெள்ளாமை போனது. ஆனால் அவர் அதைப் பெருமையாகத்தான் சொல்லுவார். “வேற எவன் காட்டுலயாச்சும் பூந்தானா? எங்காட்டுலதான் பூந்தான்! பத்திரிகையில கேழ்வரகுக் காட்டு ஓட்டம்னு போடுங்க.”

அண்ணனிடம் கேட்டால், “மூணுமே நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். பெற்ற பிள்ளைகளில் எது ஒசத்தி என்று கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

முனியப்பன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்று ஏற்கனவே முயற்சியும் செய்திருக்கிறார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது நம் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. மூன்று ஓட்டத்துக்கு மூன்று பூ போடுங்கள் என்று இவர்கள் கேட்க, பூசாரி கையை விரித்துவிட்டார். “சாமிக்கு ரெண்டு பூதான் தெரியும். மூணாவது பூவெல்லாம் எங்க அப்பன் காலத்துலயே கிடையாது. நீங்க முதல்ல ஒண்ணைக் கழிச்சுட்டு வாங்க.” எதைக் கழிப்பது என்பதில் அங்கேயும் அடிதடி ஆகும் நிலை.

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதாவது போனைப் பார்த்தார்கள். எந்த ஒன்றைச் சொன்னாலும் மிச்ச இரண்டு கட்சிக்காரர்கள் கல்யாணத்துக்கு வர மாட்டார்கள். அதில் ஒரு கட்சி பெண்ணின் அம்மா. நான் “மழை ஓட்டத்துல நசுங்கல் கம்மி…” என்று ஆரம்பித்தேன். உடனே டீக்கடைக்காரர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். பவித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

5

“நிறுத்துங்கய்யா!”

பெருமாளின் குரல். திரையில் அவர் முகம் மட்டும் பெரிதாக வந்து நின்றது, மீசை துடித்தது.

“உங்கள்ல எவனாச்சும் அவன் பின்னாடி வண்டி ஓட்டியிருக்கீங்களா? நான் ஓட்டியிருக்கேன். ஒவ்வொரு வருசமும் அவன் டெயில் லைட்டப் பாத்துக்கிட்டே வந்தவன் நான். எது பெரிய ஓட்டம்னு எனக்குத் தெரியுமா, டீ ஆத்தறவனுக்குத் தெரியுமா?”

“நீங்களே சொல்லுங்க,” என்றேன். பேச்சு என் தலையிலிருந்து இறங்கியதில் எனக்கு நிம்மதி.

“ரிவர்ஸு ஒரு வித்தை, அவ்வளவுதான். மழையில எல்லாருந்தான் ஓட்டுனோம். கேழ்வரகுக் காடெல்லாம் ஒரு ஓட்டமா? அவன் கடைசியா வந்தான் பாரு ஒரு வருசம், அதுதான்யா ஓட்டம்!”

“மாமா, அந்த வருசம் நீங்கதான ஜெயிச்சீங்க?” என்று சதீஷின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

“ஜெயிச்சேன். கேளு. வெள்ளிச்சந்தைக்கு முன்னாடி எறக்கத்துல எனக்கு பிரேக்கு போயிருச்சு. மிதிக்கறேன், ஒண்ணுமில்ல. கீழ வளைவுல மினி பஸ்ஸு நின்னு ஜனம் ஏறுது. எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல இவன் வண்டி. நான் ஹாரன அமுக்குனவன் கைய எடுக்கவே இல்ல. வேற எவனா இருந்தாலும் ஒதுங்கி வழி வுட்டிருப்பான். இவன் ஒதுங்கல. எனக்கு நேர் முன்னாடி வந்தான். வேகத்த என் வேகத்துக்கு வெச்சுக்கிட்டு, வண்டி முதுகக் குடுத்தான். முட்டுனதே எனக்குத் தெரியலய்யா. அப்பிடியே என்னையும் சேத்துக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துனான். பஸ்ஸுக்கு ஒரு கை தூரம். அவன் பொட்டி பூராத் தொக்கு. எம் பொட்டியில ஒரு பழம் நசுங்கல. அவன் வண்டியில பின்கதவு கழண்டு விழுந்துருச்சு, அதை எடுத்துக் கட்டிக்கிட்டு இருந்தான். நான் பிரேக்கு இல்லாமலே ஃபர்ஸ்ட் கியர்ல உருட்டிட்டுப் போயி அண்டாவ வாங்கிட்டேன்!”

அந்த வருடம் அண்ணனின் பெட்டிகளைக் கவிழ்த்து, எல்லாம் தொக்கு என்று மண்டியில் உரக்கச் சொன்னவன் நான். அண்ணன் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை, மாடுகளை விரட்டும் வேலை இருந்தது.

“அன்னிக்கு ஜெயிச்சது நானு. ஓட்டுனது அவன்,” என்றார் பெருமாள். சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. முகம் திரையிலிருந்து கொஞ்சம் பின்னால் போனது.

இங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அண்ணன் எழுந்தார். “இவன் வந்து இடிச்சான். நான் பிரேக் போட்டேன். இதுல என்ன ஓட்டம் இருக்குது? அதுவும் தோத்த ஓட்டம். தோத்த ஓட்டத்த எம் பொண்ணு பத்திரிகையில போட மாட்டேன்.”

“அதத்தான் போடணும்!”

“போட முடியாது!”

“போடலன்னா இந்தக் கல்யாணமே வேணாம். தாய்மாமன் சொல்றேன்!”

சாம்பியன் என்று போடக் கூடாது என்று கல்யாணத்தை நிறுத்த வந்தவர், இப்போது போட்டே ஆக வேண்டும் என்று நிறுத்துகிறார். அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “அப்பா, இந்த மாமா சொல்றது ரைட். அந்த லாஸ்ட் வந்த ரேஸ்தான் பெஸ்ட்.” கவின். எப்போது வந்து நின்றான் என்றே தெரியவில்லை. அவன் இந்த விஷயத்தில் தமிழில் பேசியது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் அதற்கு இதுவா நேரம்?

கடைசியில் பவித்ரா போனைக் கையில் எடுத்தாள். கண் சிவந்திருந்தது. “அப்பா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் சும்னிருங்க. பத்திரிகையில எந்த ஓட்டமும் வேணாம். ரெண்டு பேருக்கும் சாம்பியன்னு போடறோம். ரெண்டு பேருந்தான அண்டா வாங்குனீங்க? எது பெரிய ஓட்டம்னு கல்யாணத்துக்கு அப்பறம் ஆயுசு பூரா அடிச்சுக்குங்க. நடுவர் சித்தப்பா, சரிங்களா?”

“சரி சாமி,” என்றேன். நான் செய்த நடுவர் வேலை அவ்வளவுதான்.

6

கல்யாணத்துக்கு நான் போக முடியவில்லை. இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், அது கைக்கு வராமல் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவது சாமி சித்தம். கவுண்டரில் பெண் கல்யாணம் என்று சொன்னேன். உங்கள் பெண்ணா என்று கேட்டார்கள். அண்ணன் பெண் என்றேன். அவர்களுக்கு அது வேறு, இது வேறு. நமக்கு இரண்டும் ஒன்றுதான். எப்படிப் புரியவைப்பது?

அதனால் பெண்ணழைப்பை போனில் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலம் பெண்ணைக் கடத்தூர் மண்டபத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். சொந்தக்காரர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். பெண்ணுக்கு ஒரு கார் ஏற்பாடு செய்திருந்தார்கள். அண்ணன் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாழைக்கன்று கட்டிய தன் பழைய டெம்போவில் மகளை ஏற்றினார். பின்னால் சீர் தட்டுகளோடு தக்காளிப் பெட்டிகளும் இருந்தன. விருந்து ரசத்துக்கு மாரண்டஹள்ளித் தக்காளிதான் வேண்டும் என்று பெருமாள் கேட்டிருந்தாராம். பவித்ரா போனை ரோடு தெரியும்படி முன்கண்ணாடியோரம் நிறுத்தி வைத்தாள். இங்கே மதியம். நானும் கவினும் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தோம். சாம்பியன் ஓட்டுவதை என் மகன் முதல் முறையாகப் பார்க்கப் போகிறான்.

முதலில் ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. போகட்டும், பஸ்தானே. அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ. அப்புறம் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, ஆடி ஆடி, எங்களைத் தாண்டிப் போனது. கவின் என்னைத் திரும்பிப் பார்த்தான். பாலக்கோடு தாண்டி, மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போன பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, “வண்டி ரிப்பேருங்களா சாம்பியன்?” என்று கேட்டுவிட்டு அவரும் தாண்டிவிட்டார்.

“ஏங்க, கொஞ்சம் அழுத்துங்க. நல்ல நேரம் போவுது,” என்றது அண்ணியின் குரல்.

“பின்னாடி தக்காளி இருக்குதில்ல,” என்றார் அண்ணன்.

தருமபுரி வந்தது. கடத்தூருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்கே தெரியும். அண்ணன் திரும்பவில்லை. நேராகப் பெரிய ரோட்டில் ஏறினார். சேலம் போகும் லாரிகள் இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு போயின.

“ஏங்க, எங்க போறீங்க?”

“அதியமான்கோட்டை பைரவருக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிரலாம்.”

“காலைலதான முனியப்பனுக்குச் சூடம் காட்டுனோம்?”

“அது வேற சாமி.”

பைரவரைக் கும்பிட்டார்கள். அங்கே இளநீர் குடித்தார்கள். டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று ஒரு கடையில் நிறுத்தினார். டயரைத் தட்டிப் பார்த்த கடைக்காரர் காற்று சரியாக இருக்கிறது என்றார். இன்னொரு தடவை பாருங்கள் என்றார் அண்ணன்.

வண்டி மறுபடி கிளம்பியபோது பவித்ராவின் குரல் கேட்டது. “அப்பா, கல்யாணம் முடிஞ்சு நான் ஓசூர்லதான இருக்கப் போறேன்? நம்மூர்ல இருந்து பஸ்ஸு ஏறுனா வந்துரலாம். கடத்தூரவிட ஓசூருதாம்ப்பா உங்களுக்குக் கிட்ட.”

“தெரியும், தெரியும்,” என்றார் அண்ணன். ஹாரன் அடித்தார். முன்னால் யாரும் இல்லை, வளைவும் இல்லை.

“இவர் பிரேக்ல இருந்து கால எடுக்கவே இல்லப்பா,” என்று கவின் மெதுவாகச் சொன்னான். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

என் மனைவி சுமதியின் போன் அடித்தது. பெருமாள். எனக்குக் கொடுத்தாள். பின்னால் மேளச் சத்தம். “முருகேசா, நடுவரே, எங்கய்யா உங்கண்ணன்? பஸ்ஸுல வந்தவங்க டிபனே சாப்பிட்டு முடிச்சுட்டாங்க. மேளக்காரங்க வாசல்ல நின்னு நின்னு கால் கடுக்குதுங்கறாங்க. எங்க வர்றான்?”

“அதியமான்கோட்டைங்க.”

“அதியமான்கோட்டையா! கடத்தூருக்கு வர்றவனுக்கு அதியமான்கோட்டையில என்னய்யா வேல? பாலக்கோட்டுக்குக் கண்ணக் கட்டிக்கிட்டு ரிவர்ஸுல வந்தவனுக்கு இந்த வழி தெரியலயா? வழி தெரியாத…”

பேச்சு பாதியில் நின்றுவிட்டது. மேளம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. போன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்றேன்.

“இருக்கேன், இருக்கேன்,” என்றார் பெருமாள். “நானும் ரெண்டு பொண்ணக் குடுத்தவன்தான்யா. வரட்டும். மெதுவாவே வரட்டும். மேளக்காரங்களுக்கு டீ சொல்லி உக்கார வெக்கறேன்.”

கடத்தூர் வந்து சேர்ந்தபோது சீரியல் பல்பெல்லாம் போட்டிருந்தார்கள். ஆரத்தி எடுத்தார்கள், பெண்ணை இறக்கி உள்ளே கூட்டிப் போனார்கள். பவித்ரா போகும்போது போனைப் பெருமாளின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக டெம்போவின் பின்பக்கம் போனார். பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து, கையை உள்ளே விட்டு அடி வரைக்கும் துழாவினார். ஒரு பழத்தை எடுத்து போனுக்கு நேரே காட்டினார்.

“நடுவரே, பாத்துச் சொல்லு.”

“நசுங்கல,” என்றேன். கவின் என் தோளில் கை வைத்தான்.

“ஒண்ணு கூட நசுங்கலய்யா!” என்று பெருமாள் வாசலைப் பார்த்துக் கத்தினார். சிரித்தார்கள், கைதட்டினார்கள். மேளம் உள்ளே போனது, கூட்டமும் கூடவே போனது. டெம்போ மட்டும் நடுங்கிக்கொண்டே நின்றது, இஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெருமாள் முன்பக்கம் நடந்தார். போன் அவர் கையில் தலைகீழாகத் தொங்கியதால் எனக்குத் தரையும் டயரும்தான் தெரிந்தன. கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. போன் நிமிர்ந்தபோது அண்ணன் தெரிந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வழியாக எதிரே இருந்த காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமாள் உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நின்றது.

“எறங்குய்யா சம்பந்தி,” என்றார். “ஊரு வந்துருச்சு.”